மழையில் கிடைத்த பூனைக்குட்டி

ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் மழை தொடங்கிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் தண்ணீர் ஓடுகிறது. பூட்டிய கடையின் படிக்குக் கீழே ஒரு பூனைக்குட்டி கத்துகிறது. காய்கறி வாங்க வந்த ஒரு பெண் அதைப் பார்க்கிறார். குட்டி நனைந்து நடுங்குகிறது. தாய்ப்பூனையைக் காணவில்லை. அதைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

நல்ல மனசுதான். ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருக்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தெருவில் காணும் எல்லாக் குட்டியும் அநாதை அல்ல. தாய்ப்பூனை இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டும் இருக்கலாம். குட்டி உலர்ந்து, சத்தமில்லாமல் படுத்திருந்தால் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நனைந்து குளிர்ந்து கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

“பாவம், பசிக்கும். கொஞ்சம் பால் ஊற்று” என்கிறார் மாமியார்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது இதுதான். முதல் தவறும் இதுதான். உடம்பு குளிர்ந்த குட்டிக்கு எதுவும் செரிக்காது. முதலில் சூடு வேண்டும். குட்டியைத் துடைத்து அட்டைப்பெட்டியில் விட வேண்டும். வெந்நீர் நிறைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். உடம்பு சூடான பிறகுதான் உணவு.

பசும்பால் பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வரும். சிறு குட்டி அதிலேயே செத்துப்போகும்.

வாயைத் திறந்து பார்த்தால் வயது தெரியும். பல் முளைக்காத குட்டிக்கு மூன்று வாரம் ஆகியிருக்காது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, சிறு பாட்டிலில் கொடுக்க வேண்டும். இரவிலும் எழுந்து எழுந்து கொடுக்க வேண்டும். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி குப்புறப் படுத்தபடியே குடிக்க வேண்டும். குடித்த பிறகு, வெதுவெதுப்பான ஈரத்துணியால் வாலுக்குக் கீழே மெல்லத் துடைக்க வேண்டும். தாய்ப்பூனை நக்கிவிடுவது அதற்காகத்தான். தூண்டாவிட்டால் சிறு குட்டிக்கு மூத்திரம் வராது.

பல் முளைத்த குட்டிக்கு வேலை குறைவு. வேகவைத்த சாளை மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுக்கலாம். உப்பு, மிளகாய், வெங்காயம் ஆகாது. சைவ வீடுகளில் தயிர்சாதம் மட்டுமே போடுகிறார்கள். அது போதாது. டாரின் என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் தேவை. அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. அது கிடைக்காத பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, தன் மூன்று பூனைகளுக்குத் தீனி வாங்க வெளியே போக வேண்டும் என்று ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டார். அவர் வீட்டில் மீன், இறைச்சி சமைப்பதில்லை. கடையில் விற்கும் பூனைத் தீனிதான் வழி. நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

தனி அறை எதற்கு?

வீட்டுப் பூனைகளோடு குட்டியை உடனே விடக்கூடாது. இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். குட்டிக்காக மட்டும் அல்ல, வீட்டுப் பூனைகளின் உயிருக்காகவும்தான்.

பூனைகளுக்கு ஒரு கொடிய தொற்றுநோய் உண்டு. பெயர் பான்லூக்கோபீனியா. வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு வரும். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலை தொங்க உட்கார்ந்திருக்கும், குடிக்காது. சில நாளில் சாவு. குட்டி வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே கிருமி உள்ளே இருக்கலாம். கை, செருப்பு, துணி எல்லாவற்றிலும் ஒட்டி வரும். தரையில் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். இந்த நோய் மனிதருக்கு வராது.

வெறும் சோப்பு இந்தக் கிருமியைக் கொல்லாது. பினாயிலும் வேண்டாம், அது பூனைக்கு விஷம். தரையைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி நல்ல தண்ணீரால் அலச வேண்டும். தரை காயும்வரை எந்தப் பூனையும் அங்கே வரக்கூடாது.

ஒரே அறை உள்ள வீட்டில் என்ன செய்வது? குளியலறை போதும். அதுவும் முடியாவிட்டால், பூனை இல்லாத உறவினர் வீட்டில் இரண்டு வாரம் விடலாம். தினமும் வீட்டுப் பூனைகளுக்கு முதலில் தீனி, குட்டிக்குக் கடைசியில். பிறகு கை கழுவி, உடை மாற்ற வேண்டும்.

மருத்துவரிடம்

முதல் இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசு மருத்துவமனை இருக்கிறது. குட்டியின் எடைக்கு ஏற்பப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். எட்டு வாரம் ஆனதும் தடுப்பூசி தொடங்கும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். வீட்டுப் பூனைகளுக்குப் போட்டிருக்கிறதா என்று அன்றே கேட்டுக்கொள்வது நல்லது.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பவுடரும் ஆபத்து. தெள்ளுப்பூச்சிக்குப் பேன் சீப்பே போதும். சீவிச் சீவிச் சோப்புத் தண்ணீரில் உதற வேண்டும்.

குட்டி கடித்தாலும் பிறாண்டினாலும் அலட்சியம் வேண்டாம். பூனையாலும் வெறிநோய் வரும். 2022இல் கேரளத்தில் 20 பேருக்கு மேல் இந்த நோயால் இறந்தார்கள். நோய் வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்று ஓர் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். ஒன்றையும் விடக்கூடாது.

பழகும் காலம்

இரண்டு வாரம் கழிந்து, மருத்துவரும் சரி என்றபின் பழக்கலாம். முதலில் வாசனை. குட்டி படுத்த துணியை வீட்டுப் பூனைகளின் பக்கத்தில் போட வேண்டும். அவை படுத்த துணியைக் குட்டியிடம். பூனைக்கு மூக்குதான் முகவரி. பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் தீனி. அதன் பிறகு, ஆள் இருக்கும்போது மட்டும், சிறிது நேரம் கதவு திறக்கலாம்.

பெரிய பூனை சீறும். ஓர் அடியும் கொடுக்கும். அதைத் திட்ட வேண்டாம். தன் வீட்டில் புதிதாக யாரோ வந்திருக்கிறார் என்கிறது, அவ்வளவுதான். ரோமம் பறக்கச் சண்டை வந்தால் மட்டும் பிரிக்க வேண்டும். சில வீடுகளில் ஒரு வாரம், சில வீடுகளில் இரண்டு மாதம் ஆகும். தட்டுகள் தனித்தனியாக வேண்டும். மூன்று பூனைகளுக்கு நான்கு மணல் தட்டு.

பெண் குட்டியானால் நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் குட்டிகள் வந்துவிடும். தடுப்பூசிக்குப் போகும்போதே கருத்தடை அறுவைக்கும் தேதி கேட்டு வரலாம்.