ஆறு கட்டம், ஒரு பெட்டி

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், இங்கே தென்காசியிலும் பிள்ளைகளைத் தெருவில் விட முடிவதில்லை. "போரடிக்குதும்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றுவார்கள். அப்போது கொடுக்க ஒரு வேலை சொல்கிறேன். செலவே கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகை, ஸ்கேல், கத்தரிக்கோல், கொஞ்சம் பசை டேப் போதும்.

பத்திரிகையில் 4 செ.மீ. சதுரக் கட்டங்களாகக் கோடு போட்டு, ஆறு கட்டங்கள் ஒரே துண்டாக இருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். மடித்தால் பகடை மாதிரி பெட்டி வர வேண்டும். கனச்சதுரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, அதுதான். ஆறு கட்டங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து 35 விதமாக அமைக்கலாம். பெட்டியாக மூடுவது 11 மட்டுமே!

விளையாட்டுதானே என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எழுதப் போகிறாள். அதில் தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அம்மா பீடி சுற்றுகிற அந்த வீட்டில், பெண் மேலே படிப்பாளா, பீடித்தட்டை மடியில் வாங்கிக்கொள்வாளா என்பதையே தீர்மானிக்கிற பணம் அது. மனத்திறன் பகுதியில் 90 கேள்விகள். 'மடித்தால் எந்தப் பக்கத்துக்கு எதிரே எது வரும்?' என்கிற ரகமும் அதில் வரும். "படத்தைப் பார்த்தா ஒண்ணுமே புரியல அத்தை" என்று வந்து நின்றாள்.

செய்யச் சொல்வதற்கு முன் பிரிக்கச் சொன்னேன். பெட்டிக்கு 12 விளிம்பு. துண்டு கழன்றுவிடாமல் 7 விளிம்பை வெட்டினால் தரையில் கோலம் போல விரிந்துவிடும். மிச்சம் 5 மடிப்பு. பிரிக்கும் முன்பே எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். விரித்ததும் சங்கதி தானே தெரியும்: நேர் வரிசையில் ஒரு கட்டம் விட்டு அடுத்தது எதிர்ப்பக்கம்.

பிறகு அவளே வெட்ட ஆரம்பித்தாள். நாலு கட்டம் வரிசையாக, மிச்ச இரண்டும் ஒரே பக்கமாக. இலை நறுக்கிக்கொண்டே பார்த்திருந்த அவள் அம்மா, "ஏட்டி, அது மூடாது. ஒரு பக்கம் ரெண்டு மூடி, இன்னொரு பக்கம் ஓட்டையால்லா கிடக்கும்" என்றாள். மடிக்கவே இல்லை! ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், "எனக்குக் கணக்கே வராதுக்கா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னவள். தட்டை இலையை அளவாக நறுக்கி, சுருட்டி, முனை மடிக்கிற விரல்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

நாலு கட்டம் சேர்ந்து பெரிய சதுரமாக இருந்தாலும் மூடாது. பெட்டியின் மூலையில் மூன்று பக்கம்தான் கூடும்; நாலாவதுக்கு இடம் ஏது?

மடித்துக் கற்பது நமக்குப் புதிதுமல்ல. டி. சுந்தர ராவ் என்பவர் காகிதம் மடித்தே ஜியாமெட்ரி கற்க ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதி, 1893-ல் சென்னையில் வெளியிட்டார். 1901-ல் சிகாகோவிலும் அது அச்சானது. கிண்டர்கார்டன் பிள்ளைகளின் காகித மடிப்பிலிருந்துதான் அவருக்கு யோசனையே வந்ததாம்.

சின்ன வாண்டுகளுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். காலி இனிப்புப் பெட்டியைப் பிரித்து மறுபடி மூடச் சொன்னாலே ஒரு மணி நேரம் சத்தமிருக்காது. பெரிய பிள்ளைகளிடம், மடிக்கும் முன் 'மூடுமா, மூடாதா?' என்று கேளுங்கள். பதில் வந்த பிறகுதான் கை வைக்க விட வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், அட்டையே திருத்தும்.

வரிசையாக நாலு கட்டம் வருகிறவை ஆறு, அவை சுலபம். மிச்சம் ஐந்தில்தான் திண்டாட்டம். அந்தப் பெண் இதுவரை பத்து கண்டுபிடித்துவிட்டாள். பாக்கி ஒன்று, மும்மூன்றாக இரண்டு வரிசை: மேல் வரிசையின் கடைசிக் கட்டத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசையின் முதல் கட்டம். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் சொல்லிவிடாதீர்கள்.