விதி மாறினால் ஆட்டம் மாறுமா?

விளையாட்டுக்கு விதிகளே உயிர். விதி இல்லாத ஆட்டம் வெறும் கூச்சலாகவும் தள்ளுமுள்ளாகவும் முடிந்துவிடும். ஆனால், அந்த விதிகளை யாருக்காக வகுப்பது? ஆடுபவர்களுக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா? பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டினால் விதியை மாற்றிவிடலாமா? அண்மையில் இக்கேள்வி அயர்லாந்து நாட்டில் பெரும் விவாதமாக எழுந்தது. 1842-ஆம் ஆண்டில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது அந்த நாட்டிலிருந்துதான். அங்கே மக்கள் உயிராக மதிக்கும் கேலிக் கால்பந்தைப் பற்றியும், அதன் விதிகள் மாறிய கதையைப் பற்றியும் இங்கே விளக்க விரும்புகிறோம்.

கேலிக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைக்கலாம்; கையாலும் பிடிக்கலாம். அணிக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் வரை நீளமுடையது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிகளுக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. அதற்குள் பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். அல்லது பாதத்தின் மேல் போட்டுத் தட்டிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். தோழருக்குக் கையால் கொடுக்கும்போது எறியக் கூடாது. குத்தியோ தட்டியோதான் அனுப்ப வேண்டும். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்தைப் போலிருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து சென்றால் கோல். அதற்கு மூன்று புள்ளிகள். மேலே சென்றால் ஒரு புள்ளி. ஓர் அணியின் கணக்கு 1-11 என்றால், ஒரு கோலும் பதினொரு புள்ளிகளும், அதாவது மொத்தம் 14 என்று பொருள்.

1884 நவம்பர் முதல் நாள், டிப்பரெரி மாவட்டத்தில் தர்லஸ் என்னும் ஊரின் ஒரு விடுதியில், மைக்கேல் கியூசாக் முதலிய சிலர் கூடி கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது காஷெல் மறைமாவட்டப் பேராயராக இருந்த தாமஸ் குரோக் அதன் புரவலரானார். டப்ளின் நகரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் 'குரோக் பார்க்' மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் சம்பளம் பெறுவதில்லை. வாரநாட்களில் ஆசிரியராகவும் உழவராகவும் வேலை செய்பவர்கள், தங்கள் மாவட்டத்துக்காக மைதானத்தில் இறங்குகிறார்கள். ஆகவே, விதியில் ஒரு வரி மாறினாலும் அது ஊர்தோறும் பேச்சாகிவிடுகிறது.

விதிகள் மாறுவது அவர்களுக்குப் புதிதன்று. தொடக்கத்தில் அணிக்கு 21 பேர் ஆடினார்கள். 1892-இல் அது 17 ஆயிற்று. 1913-இல் 15 ஆயிற்று. ஆரம்ப காலத்தில் எத்தனை புள்ளிகள் எடுத்தாலும் ஒரு கோலுக்கு ஈடாகாது. 1892-இல் கோலுக்கு ஐந்து புள்ளிகள் என்றும், 1896-இல் மூன்று புள்ளிகள் என்றும் வகுத்தார்கள். இன்று 'பழைய மரபு' என்று போற்றப்படுவதும் ஒரு காலத்தில் புதிய மாற்றமாக வந்ததுதான் அல்லவா?

அப்படியானால் இப்போது எழுந்த சிக்கல் என்ன? தோற்றுவிடக் கூடாது என்ற அச்சத்தில் அணிகள் பெரும்பாலான வீரர்களைத் தங்கள் கோலுக்கு முன்னே சுவராக நிறுத்தத் தொடங்கின. எதிரணியோ அந்தச் சுவரை உடைக்க வழியின்றிப் பந்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் கையால் தட்டிக்கொண்டே காத்திருந்தது. 2011-ஆம் ஆண்டு அரையிறுதியில் டப்ளின் 8 புள்ளிகளும் டொனிகால் 6 புள்ளிகளும் மட்டுமே எடுத்தன. எழுபது நிமிட ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை! ஓங்கி உதைப்பதும், வானில் வரும் பந்தை எம்பிப் பிடிப்பதும் ஆகிய பழைய அழகுகள் மறைந்து வருகின்றன என்று பலரும் வருந்தினார்கள்.

2024-இல் சங்கம் ஒரு குழுவை அமைத்தது. டப்ளின் அணியைப் பயிற்றுவித்துத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோப்பை வெல்லச் செய்த ஜிம் கேவின் அதன் தலைவர். குழு சொன்ன முக்கிய மாற்றங்கள் இவை:

கோலிலிருந்து 40 மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு. அதற்கு வெளியே நின்று உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே சென்றால் இரண்டு புள்ளிகள்.

ஒவ்வோர் அணியும் எதிரணியின் பாதி மைதானத்தில் எப்போதும் மூன்று வீரர்களையாவது நிறுத்த வேண்டும். எல்லோரும் பின்னே ஓடிவந்து சுவர் எழுப்ப முடியாது.

தவறிழைத்த அணி பந்தை உடனே எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். தாமதித்தாலோ நடுவரிடம் வாதாடினாலோ, பந்து 50 மீட்டர் முன்னே நகர்த்தப்படும். நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை தலைவருக்கு மட்டுமே உண்டு.

இவற்றை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பழமொழி. அவர்கள் வாதமும் ஏறக்குறைய அதுதான். சுவரை உடைக்கும் திறமையை வளர்த்துக்கொள்ளாமல் விதியைக் குறை கூறலாமா என்றார்கள். காற்று பலமாக வீசும் நாளில் காற்றுக்குச் சாதகமான பக்கம் நிற்பவருக்கு இரண்டு புள்ளி எளிதாகிவிடும் என்றார்கள். தொலைவிலிருந்து உதைத்தாலே இரண்டு புள்ளி என்றால், மூன்று புள்ளிக் கோலுக்கு என்ன மதிப்பு என்றும் கேட்டார்கள். கோலுக்கு நான்கு புள்ளிகள் தருவதை 2024 அக்டோபரில் பரிசோதித்துப் பார்த்து, பிறகு கைவிட்டார்கள்.

எங்கள் வகுப்பிலும் இதுபற்றி இரு அணியாகப் பிரிந்து வாதிட்டோம். "பார்ப்பவர் இல்லாவிட்டாலும் ஆட்டம் ஆட்டம்தானே?" என்றது ஓர் அணி. "பார்க்கும் சிறுவர் சிறுமியர்தாம் நாளை ஆடப்போகிறவர்கள்; அவர்கள் கொட்டாவி விட்டால் நாளை யார் ஆடுவார்கள்?" என்றது மற்ற அணி. இரண்டாவது கேள்விக்கு முதல் அணியால் பதில் சொல்ல முடியவில்லை.

2024 நவம்பர் 30 அன்று கூடிய சிறப்பு மாநாட்டில் பிரதிநிதிகள் வாக்களித்து, ஓராண்டுப் பரிசோதனையாக விதிகளை ஏற்றார்கள். விளைவைக் கணக்கே சொல்லட்டும். 2024 இறுதி ஆட்டத்தில் ஆர்மா 1-11, கால்வே 0-13. இரு அணிகளும் சேர்ந்து எடுத்தவை 27 புள்ளிகள். 2025 இறுதி ஆட்டத்தில் கெர்ரி 1-26, டொனிகால் 0-19. மொத்தம் 48 புள்ளிகள்! ஓர் ஆட்டத்தை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் 2025 அக்டோபரில் மீண்டும் கூடிய மாநாடு இவ்விதிகளை நிரந்தரமாக்கியது.

இடையில் ஒரு குறையும் தென்பட்டது. கோல்காப்பாளரும் முன்னேறிச் சென்றால், தாக்குபவர் 12 பேர், மறிப்பவர் 11 பேர் என்றாகிச் சமநிலை கெட்டது. தவறு தெரிந்ததும் அதே ஆண்டிலேயே அந்த விதியைத் திருத்தினார்கள்.

தோழியரே, இன்னொரு செய்தியும் உண்டு. 1974-இல் அதே தர்லஸ் ஊரில் மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டது. 2019 மகளிர் இறுதி ஆட்டத்தை 56,114 பேர் குரோக் பார்க்கில் நேரில் கண்டார்கள். நேரம் முடிந்ததும் ஊதொலி எழுப்பி ஆட்டத்தை நிறுத்தும் முறை மகளிர் ஆட்டத்தில் வெகுநாளாக இருந்தது. ஆண்கள் அதை 2025-இல்தான் ஏற்றார்கள்!

எங்கள் முடிவு இதுவே. விதியை மாற்றுவது தவறன்று. மாற்றும் முறைதான் முக்கியம். முதலில் குறையை ஆராய வேண்டும். சிறிது காலம் பரிசோதிக்க வேண்டும். ஆடுபவர்களின் வாக்கைக் கேட்க வேண்டும். பிழை தெரிந்தால் தயங்காமல் திருத்த வேண்டும். அயர்லாந்து மக்கள் இந்த நான்கையும் செய்தார்கள். அடுத்த ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவின் விதிகளைப் பற்றி நாம் முணுமுணுக்கும்போது, இந்த நான்கையும் நினைவில் கொள்வோமாக!

— மாணவி, பத்தாம் வகுப்பு