மோட்டார் இல்லாத பைப் லைன்



மெக்கானிக்கல் படிக்கிறவன் எதுக்கு உடம்பைப் பத்தி எழுதுறான்னு கேப்பீங்க. காரணம் எங்க அப்பாயி.

எங்க ஊரு கும்பகோணம் பக்கம். அப்பாயிக்கு இடது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழ தூண் மாதிரி வீங்கியிருக்கும். யானைக்கால். கல்யாண வீட்டுக்குப் போனா, புடவையால காலை மூடிக்கிட்டு கடைசி வரிசையில போய் உக்காந்துக்கும். "பக்கத்துல போகாதே, ஒட்டிக்கும்"னு என்கிட்டயே சொன்னவங்க உண்டு. அந்தக் காலுக்குள்ள என்னதான் நடக்குதுன்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிச்ச பிறகுதான் தேடிப் பார்த்தேன். விஷயம் முழுக்க நம்ம சப்ஜெக்ட்தான்: பைப், வால்வு, பிரஷர்.

கசிவுக் கணக்கு

இதயம் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தைப் பம்ப் பண்ணுது. அந்த ரத்தம் முடி மாதிரி மெல்லிசான தந்துகிகள் வழியா போகும்போது கொஞ்சம் நீரும் புரதமும் வெளியே கசியும். இது பழுது இல்லை, டிசைனே அப்படித்தான். அந்தக் கசிவுதான் செல்களுக்குச் சாப்பாடு கொண்டு போகுது. ஆனா கசிஞ்சது எல்லாம் நேரா ரத்தத்துக்குத் திரும்பாது. ஒரு நாளைக்கு தோராயமா 3 லிட்டர் வெளியே மிச்சம் நிக்கும். அதை வாரி எடுத்துத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கிற ரிட்டர்ன் லைன்தான் நிணநீர் மண்டலம்.

இந்த லைனுக்கு இதயம் மாதிரி தனி மோட்டார் கிடையாது. நாளத்தின் சுவர் தானே சுருங்கும். நாம நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ள பிரஷர் மாறும். இந்த மூணும் சேர்ந்துதான் நிணநீரை மேலே தள்ளுது. தள்ளினது திரும்பக் கீழே இறங்காம இருக்க, வழி நெடுக ஒருவழி வால்வுகள் இருக்கு. வீட்டுக் கிணத்து மோட்டாருக்குக் கீழ ஒரு ஃபுட் வால்வு இருக்கும்ல, அதே வேலைதான். அது கெட்டுப்போனா தண்ணி ஏறாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு கால், வயிறு, இடது கை, தலையின் இடது பக்கம் இதெல்லாத்துலயும் இருந்து வர்ற நிணநீர், தொராசிக் டக்ட் என்கிற பெரிய குழாயில் சேர்ந்து, இடது கழுத்தடியில் ரத்தக்குழாயில் கலக்கும். வலது கை, வலது பக்கத் தலை, வலது பக்க மார்பு இதுக்கெல்லாம் மட்டும் வலது பக்கம் தனி வழி. சாப்பிட்ட கொழுப்பில் பெரும்பகுதி கூட சிறுகுடலில் இருந்து முதல்ல இந்த லைனுக்குள்ளதான் நுழையுது.

நடுவில் செக்போஸ்ட்

வழியில அங்கங்க நிணநீர்க் கணுக்கள் இருக்கு. உடம்பு முழுக்கப் பல நூறு. கிருமி ஏதாவது வந்தா வெள்ளணுக்கள் அங்கதான் பிடிச்சு, பெருகி, சண்டை போடும். கால்ல முள்ளு குத்தினா தொடையிடுக்குல "நெறி கட்டியிருக்கு"ன்னு வீட்ல சொல்லுவாங்கல்ல? அந்த நெறி வேற எதுவும் இல்ல, அந்தக் காலுக்கான செக்போஸ்ட் ஓவர்டைம் பாக்குது.

டாக்டர் எப்படிப் பார்ப்பார்?

பெரிய மெஷின் எல்லாம் அப்புறம்தான். முதல் கருவி விரல். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு இந்த மூணு இடத்தையும் தடவிப் பார்ப்பாங்க. தொட்டா வலிச்சு, மிருதுவா, விரலுக்கு நழுவினா பெரும்பாலும் தொற்று. கல்லு மாதிரி கெட்டியா, வலியே இல்லாம, அசையாம ஒட்டிக்கிட்டு இருந்தா கவனிக்கணும். இடது காலர் எலும்புக்கு மேல அப்படி ஒரு கட்டி வந்தா வயித்தையும் சேர்த்துப் பரிசோதிப்பாங்க. ஏன்னா தொராசிக் டக்ட் முடியற இடம் அது. வயித்துல இருக்கிற புற்றுநோய் அந்தக் குழாய் வழியா அங்க வந்து சேரலாம். பைப் ரூட் தெரிஞ்சா நோயோட ரூட்டும் தெரியுது!

கால் வீக்கம்னா முதல் கேள்வி: ஒரு காலா, ரெண்டு காலா? ரெண்டும் ஒரே மாதிரி வீங்கினா இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் சந்தேகம் போகும். அடுத்து கட்டைவிரலால கொஞ்ச நேரம் அழுத்திப் பார்ப்பாங்க. ஆரம்பத்தில் குழி விழும். நாளாக ஆக, தேங்கின புரதத்தால் தோலுக்கு அடியில் நார் மாதிரி இறுகிப்போய், குழி விழாது. இன்னொண்ணு ஸ்டெம்மர் சோதனை. கால் கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலின் அடித்தோலைக் கிள்ளித் தூக்கணும். தூக்க முடியலைன்னா நிணநீர் வீக்கம்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணலாம். தூக்க முடிஞ்சாலும் அது இல்லைன்னு உறுதியா சொல்ல முடியாது. அப்புறம் டேப் வச்சு ரெண்டு காலையும் ஒரே உயரத்தில் அளந்து எழுதி வச்சுப்பாங்க. தேவைப்பட்டா கதிரியக்க மருந்தைத் துளியூண்டு கால்ல ஊசி போட்டு, அது மேலே ஏறுதான்னு கேமராவில் பார்ப்பாங்க.

அப்பாயி கால்ல நடந்தது

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் மாதிரி ஒரு புழு. நம்ம பக்கம் அதைப் பரப்புறது சாக்கடைத் தண்ணியில் வளர்ற க்யூலெக்ஸ் கொசு. வளர்ந்த புழு வருஷக்கணக்கா நிணநீர் நாளத்துக்குள்ளயே குடியிருக்கும். நாளம் விரிஞ்சுடும், விரிஞ்சா வால்வு மூடாது, மூடலைன்னா நீர் தேங்கும். தேங்கின இடத்தில் பாக்டீரியா புகுந்து அடிக்கடி காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்க வைக்கும்.

புழுவோட குட்டிகள் ராத்திரியிலதான் வெளி ரத்தத்துக்கு வரும், இந்தக் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். அதனாலதான் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து விரல்ல ரத்தம் எடுப்பாங்க. தூக்கத்தைக் கெடுக்குறாங்கன்னு எங்க தெருவுல அவங்களைத் திட்டாத ஆள் இல்ல.

இதைப் படிச்சப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. கால் பெரிசா வீங்கினவங்க ரத்தத்தில் பெரும்பாலும் அந்தக் குட்டிகள் இருக்காது. குட்டிகளைச் சுமக்கிறவங்கள்ல நிறைய பேர் வெளியே பார்க்க நல்லா இருப்பாங்க. தொட்டாலும் பக்கத்தில் உக்காந்தாலும் இது ஒட்டவே ஒட்டாது, கொசு கடிச்சாதான் பரவும். அப்பாயியைக் கடைசி வரிசைக்குத் தள்ளின ஊருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அப்போ வருஷத்துக்கு ஒரு தடவை டிஇசி, ஆல்பெண்டசோல் மாத்திரை குடுத்தாங்க. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே"ன்னு அதை வாய்க்கால்ல எறிஞ்சவன் நான்.

கெட்டுப்போன வால்வை மாத்திரை சரி பண்ணாது. ஆனா மெயின்டெனன்ஸ் பண்ணலாம். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் அக்கா அப்பாயிக்குச் சொல்லிக் குடுத்தது இதுதான்: தினமும் சோப்பு போட்டுக் கழுவு, விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடை, உக்காரும்போது காலை உயரமா வை, கணுக்காலை ஆட்டிக்கிட்டே இரு, செருப்பு இல்லாம நடக்காதே. அதைச் செய்ய ஆரம்பிச்சதில் இருந்து அப்பாயிக்குக் காய்ச்சல் வர்றது ரொம்பக் குறைஞ்சுபோச்சு. வீக்கம் முழுசா போகல. ஆனா ராத்திரி நிம்மதியா தூங்குது.

இந்த பொங்கல் லீவுல தினமும் நான்தான் கழுவி விட்டேன். "நீ எதுக்குடா இதைத் தொடுற"ன்னு முதல் நாள் காலை இழுத்துக்கிச்சு. ரெண்டாவது நாள் இழுக்கல.

உங்க ஊர்ல யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா, வேடிக்கை பார்க்காதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்திரை குடுக்க வந்தா, முழுங்குங்க.