ஒரு நுரையீரல் ஓய்வெடுக்கும் வேளை



"நெஞ்சிலே சத்திரசிகிச்சை செய்யவேண்டும்" என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அன்று வீட்டில் அடுப்பெரியாது. "விலா எலும்புகளை விரிக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று சிறு துவாரங்கள் போதும்" என்று கேட்டதும் சற்று ஆறுதல் பிறக்கும். ஆனால், "அந்நேரம் ஒரு பக்க நுரையீரலை நிறுத்தி வைப்போம்" என்றதும் அந்த ஆறுதலும் போய்விடும். மூச்சை நிறுத்தினால் உயிர் எப்படி இருக்கும்? இருதயம் தாங்குமா?

நான் வைத்தியன் அல்லன். எனினும் விளங்கிக்கொண்ட விடயத்தில் பயம் பாதியாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

சுவீடன் நாட்டு வைத்தியர் ஜாக்கோபேயஸ், குழாய் வடிவக் கருவியொன்றை நெஞ்சறைக்குள் செலுத்திப் பார்த்த முறையை 1910இல் வெளியிட்டார். 1990களின் ஆரம்பத்தில் அக்கருவியுடன் சிறு வீடியோ கமரா இணைந்தது. திரையைப் பார்த்தவாறே நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றவும் வழி பிறந்தது.

ஆனால், ஊதிய நுரையீரல் நெஞ்சறையை நிரப்பி நின்றால் கமராவுக்கு எதுவும் தெரியாது. ஆகவே மயக்க மருந்து நிபுணர், இரட்டைப் பாதை கொண்ட குழாயொன்றை மூச்சுக்குழலினுள் வைக்கிறார். ஒரு பாதை வலது நுரையீரலுக்கு, மற்றது இடதுக்கு. ஒன்றை அடைத்து மற்றதற்கு மட்டும் காற்றுக் கொடுக்கிறார். அடைத்த பக்கம் இறப்பர் பலூனைப் போல் தானாகவே சுருங்கிக்கொள்கிறது. இவ்வகைக் குழாயை 1949இல் கார்லென்ஸ் என்பவர் அறிமுகப்படுத்தினார்.

இரத்தம் வழி மாறுகிறது

இருதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்புறத்தை அடைகிறது. இதை முதலில் தெளிவாக எழுதியவர், திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னுந் நபீஸ் அவர்களாவர். இருதயத்தின் நடுச்சுவரினூடாக இரத்தம் கடக்கிறது என்ற கேலனின் கருத்தை, இப்னு சீனாவின் நூலுக்கு 1242இல் எழுதிய விரிவுரையில் அவர் மறுத்தார்.

இப்பாதையில்தான் சிக்கல் இருக்கிறது. காற்றில்லாத நுரையீரலினூடாகச் செல்லும் இரத்தம் ஒட்சிசன் பெறாமல் வெறுங்கையோடு திரும்பும். ஆனால் உடலிலேயே இதற்கோர் ஏற்பாடு உண்டு. மற்ற உறுப்புகளில் ஒட்சிசன் குறைந்தால் இரத்தக்குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் அவை ஒடுங்கும். விதைக்காத வயலின் வாய்க்காலை அடைத்து, விதைத்த வயலுக்கு நீரைத் திருப்புவது போன்றது இது. ஒய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் ஆராய்ந்து 1946இல் இதை வெளியிட்டனர்.

சுருங்கிய நுரையீரலுக்குப் போகும் இரத்தம் இதனால் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நோயாளியைச் சரித்துப் படுக்கவைப்பதால், புவியீர்ப்பும் கீழ்ப்பக்க நல்ல நுரையீரலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது.

இருதயம் என்ன செய்கிறது?

நுரையீரல் விரைவாகச் சுருங்குவதற்காகச் சில வேளைகளில் காபனீரொட்சைட்டு வாயுவை நெஞ்சறைக்குள் மெதுவாகச் செலுத்துவர். அது தீப்பற்றாது; இரத்தத்தில் விரைவில் கரையும். ஆனால் அதன் அமுக்கம் கூடினால், இருதயத்துக்குத் திரும்பும் பெருநாளங்கள் நெருக்கப்படும். வரவு குறைந்தால் செலவும் குறையும் அல்லவா? இருதயம் வெளியேற்றும் இரத்தம் குறைந்து குருதியமுக்கம் இறங்கும். எனவே பெரும்பாலும் 10 இரச மில்லிமீற்றருக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர். இறங்கினால் வாயுவை வெளியேற்றுவர்.

இரத்தத்தில் சேரும் அவ்வாயுவை ஒவ்வொரு மூச்சிலும் கருவி அளக்கிறது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, ஜப்பானிய பொறியியலாளர் அஓயாகி 1974இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் வழிவந்தது. அளவு குறைந்தால் ஒட்சிசனைக் கூட்டுவர். குழாய் இடம் மாறியதா என்று பார்ப்பர். அவசியமெனில் வேலையை நிறுத்தி இரு நுரையீரல்களையும் ஊதச் செய்வர். முடிவில் சுருங்கிய பக்கத்தை மீண்டும் விரியச் செய்த பின்னரே துவாரங்களை மூடுவர்.

வீட்டிலுள்ளோர் கவனத்திற்கு

முதலாவது, எதையும் மறைக்காதீர்கள். முட்டு வருத்தம், முன்பு வந்த காசநோய், புகைத்தல், இருதய மாத்திரைகள் அனைத்தையும் சொல்லுங்கள். "மரியாதை போய்விடும்" என்று கணவரின் சிகரெட்டை மறைக்கும் மனைவி, அவருடைய மூச்சோடு விளையாடுகிறாள். சத்திரசிகிச்சைக்கு முன் ஊதச் சொல்லிப் பரிசோதிப்பது, ஒரு நுரையீரலால் முழுச் சுமையையும் தாங்க முடியுமா என்பதை அறியத்தான்.

இரண்டாவது, வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். இரக்கப்பட்டு இரகசியமாகக் கொடுக்கும் பால்தேநீர், மயக்கத்தில் மேலெழுந்து நுரையீரலுக்குள் போகலாம்.

மூன்றாவது, பிறகு "அசையாமல் படுங்கள்" என்று அன்பால் கட்டிப்போடாதீர்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமவும், ஆழமாக மூச்சிழுக்கவும், வைத்தியர் சொன்னவுடன் எழுந்து நடக்கவும் துணை நில்லுங்கள். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் போத்தல் எப்போதும் நெஞ்சைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும்.

கடைசியாக, இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது. இடைநடுவில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் அதைத் தோல்வி என்று எண்ணிக் கலங்கவேண்டாம். நோயாளியின் உயிரைக் காக்க எடுத்த முடிவாகவே அதைக் கொள்ளுங்கள். சந்தேகம் எதுவாயினும், கையொப்பம் இடுவதற்கு முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.