மழைக்கு முன் கட்டி வைக்க வேண்டிய பை

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் காலை, ஆவடியில் எங்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. மிக்ஜாம் புயல் குறித்த எச்சரிக்கை முன்பே வந்திருந்ததால் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட், பால் பாக்கெட், இரண்டு குடம் குடிநீர் என அனைத்தையும் முதல் நாளே சேர்த்து வைத்திருந்தோம். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. நண்பகலில்தான் உண்மை தெரிந்தது. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டையில் இரண்டே மாத்திரைகள் எஞ்சியிருந்தன. அவருடைய மருத்துவக் கோப்பு கட்டிலுக்கடியில் புகுந்த நீரில் ஊறிப்போயிருந்தது. இன்சுலின் குப்பிகள் மின்சாரம் இல்லாத குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்தன. மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவரின் வீட்டு நிலை இது.

மழைக்கால ஆயத்தம் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை எல்லாம் உடல் நலமுள்ளோருக்கானவை. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதயநோய், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ள வீட்டுக்கு அந்த ஆயத்தம் போதாது. சில இடங்களில் அதுவே தீங்கும் செய்யும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. அதற்குள் செய்துகொள்ள வேண்டியவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

எத்தனை நாளைக்கு ஆயத்தமாக வேண்டும் என்பது முதற்கேள்வி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிகளின் நிலம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் உபரி நீர் கொரட்டூர் ஏரியை நோக்கிச் செல்லும்; அங்கிருந்து இரட்டை ஏரிக்குப் போகும். பருத்திப்பட்டு, அயப்பாக்கம் எனச் சுற்றிலும் ஏரிகள். பழைய நீர்வழிகளின் மீது இன்று தெருக்கள் இருப்பதால், மழை நின்ற பின்னரும் தாழ்வான பகுதிகளில் நீர் வடிவதற்கு நாட்கள் ஆகின்றன. ஆதலால் ஓர் இரவுக்கான ஏற்பாடு பயன் தராது. ஏழு நாட்களுக்குக் குறையாத மருந்து வீட்டில் இருக்க வேண்டும். இரு வாரத்துக்கு இருந்தால் இன்னும் நல்லது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலேயே மாத்திரை பெறுவோர், புயல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், அடுத்த முறை வரும் பணியாளரிடம் இதைப் பற்றிப் பேசி வைப்பது நலம்.

எல்லா மாத்திரைகளும் ஒன்றல்ல. வலிப்பு நோய்க்கான மாத்திரை, இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, நீண்ட நாட்களாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. உங்கள் சீட்டில் அத்தகையவை எவை என்று அடுத்த வருகையின்போது மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, அந்தப் பெயர்களின் கீழ்க் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும், கடைசியாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தரப்பட்ட சுருக்க அறிக்கையையும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் கைபேசி நனைந்தாலும் படம் பிழைக்கும்.

இன்சுலின்

மின்வெட்டு என்றவுடன் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இன்சுலினைப் பற்றித்தான். இதில் தேவைக்கு மிஞ்சிய அச்சம் இருக்கிறது. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பயன்பாட்டில் உள்ள குப்பியையோ பேனாவையோ, 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பநிலையில், பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ நான்கு வாரம் வரை வைத்துப் பயன்படுத்தலாம். துல்லியமான நாள்கணக்கு அதனுடன் வரும் தாளில் இருக்கும். டிசம்பர் மழைநாட்களில் நம் வீடுகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. எனவே இரண்டு நாள் மின்சாரம் இல்லை என்பதற்காக இன்சுலினைக் குப்பையில் போட வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டியை அடிக்கடி திறவாதீர்கள். மின்சாரம் போன நாளைக் குப்பியின் மீது எழுதி, அன்று முதல் அதைத் திறந்த குப்பியாகவே கணக்கிடுங்கள்.

உண்மையில் இன்சுலினைக் கெடுப்பது பனிக்கட்டி. பதற்றத்தில் சிலர் குப்பியை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்து வைக்கின்றனர். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்கு முன்போலவே தோன்றக்கூடும். ஆயினும் அதை நம்ப முடியாது. ஐஸ் வைத்தே ஆக வேண்டுமெனில் இடையில் தடித்த துணி இருக்கட்டும். கோடையில் நன்கு உதவும் மண்பானை முறை, காற்றில் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் அந்த அளவுக்குக் குளிர்ச்சி தராது. அது தேவைப்படாத பருவமும் அதுவே.

நிவாரணப் பொட்டலமும் நோயாளியின் தட்டும்

வெள்ள நாட்களில் தெருமுனைக்கு வந்து உணவு தரும் இளைஞர்களின் அன்பு பெரிது. ஆனால் அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் ரொட்டி, பன், வாழைப்பழம், பிஸ்கட், சில சமயம் இளநீர். தந்ததை மறுக்க நமக்குக் கூச்சம். சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாழைப்பழமும் இளநீரும் கூடா. இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் தவறிய நாட்களில் அது இரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே நிலைகுலையச் செய்யும். சோர்வாக இருக்கிறாரே என்று கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியமும் உப்பும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதைக் கொடுக்கலாகாது.

டயாலிசிஸ் நோயாளர்கள் செய்ய வேண்டிய முதற்பணி, புயல் எச்சரிக்கை வந்தவுடன் தங்கள் டயாலிசிஸ் மையத்தை அழைத்து, முறையை ஒரு நாள் முன்கூட்டியே வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்பது. அடுத்தது, முறை தவறினால் பின்பற்ற வேண்டிய மூன்று நாள் உணவுமுறையை எழுதி வாங்கி வைப்பது. பொதுவாக அத்தகைய அவசர உணவுமுறைகளில் நாளொன்றுக்கு அருந்தும் நீர்மங்கள் அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ அரை லிட்டருக்குள் அடங்கும். உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர் சொல்வார். வெள்ளை அரிசிச் சோறு, உப்பில்லாப் பொரி போன்றவை ஓரளவு பாதுகாப்பானவை. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பாக்கெட் நூடுல்ஸ், நிலக்கடலை, பழச்சாறு ஆகியவற்றைத் தொட வேண்டாம். மூச்சிரைப்பு, கைகால் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு இவற்றில் ஒன்று தோன்றினாலும் நீர் வடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

நீரிழிவு நோயாளிக்கு வரும் இடர் வேறு வகையானது. பன்னும் இனிப்பு பிஸ்கட்டும் சர்க்கரையை ஏற்றும் என்று எல்லோரும் அறிவர். சமைக்க வழியின்றி அரைவயிறு உண்ட நாளிலும், வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையோ வழக்கமான அளவு இன்சுலினையோ எடுத்துக்கொண்டால் சர்க்கரை சட்டென இறங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். குளிர்ந்த வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் போய்விடும். உணவு குறையும் நாளில் மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை நல்ல வெயில் நாளிலேயே கேட்டு எழுதி வையுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் மட்டும், உணவு குறைந்தாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தக் கூடாது.

வறுத்த பொட்டுக்கடலை, சத்துமாவு, அவல் ஆகியவை நீரிழிவு உள்ள வீட்டில் அடுப்பில்லா நாட்களுக்கு ஏற்றவை. இவற்றுள் பொட்டுக்கடலையும் சத்துமாவும் சிறுநீரக நோயாளிக்கு ஆகா. ஒரே வீட்டில் இரு நோயாளிகள் இருந்தால் டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுவதில் வெட்கமில்லை.

கால்கள்

தெருவில் நிற்பது மழைநீர் மட்டுமன்று. கொரட்டூர் ஏரியில் கழிவுநீரும் ஆலைக் கழிவும் கலப்பது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை நம் வட்டாரத்தினர் அறிவர். சாக்கடையும் எலியின் சிறுநீரும் கலந்த அந்த நீரில்தான் பால் வாங்கவும் மருந்து வாங்கவும் நடக்கிறோம்.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர் அதில் இறங்கலாகாது. கண்ணாடிச் சில்லு குத்தியதே அவருக்குத் தெரியாமல் போகும். அடுத்தவரை அனுப்ப வழியே இல்லையெனில், செருப்பைத் தவிர்த்து மூடிய காலணி அணிந்து செல்லட்டும். வீடு திரும்பியதும் நல்ல நீரிலும் சோப்பிலும் கால்களைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர் உள்ளங்காலை வேறொருவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும். தனியே வாழ்பவருக்கு ஒரு கைக்கண்ணாடி போதும்.

விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறி அரிக்கும் சேற்றுப்புண்ணை நாம் பொருட்படுத்துவதில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த இடுக்குக்குத் தேவை வறட்சி. எண்ணெயும் குழம்பும் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். தேங்காயெண்ணெயைக் குதிகாலிலும் புறங்காலிலும் தாராளமாகத் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். வெடித்த தோல் வழியே கிருமி நுழைந்து கால் சிவந்து வீங்கினால் அது சேற்றுப்புண் என்ற நிலையைக் கடந்துவிட்டது. அன்றே மருத்துவரைப் பாருங்கள். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். காயம் பட்டிருந்தால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வெள்ளம் வடிந்த பின் ஒரு மாதத்துக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ‘வெள்ள நீரில் நடந்தேன்’ என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்லத் தவறாதீர்கள். பல நோயாளிகள் அதைச் சொல்வதே இல்லை. நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தை நம்பியிருப்போர்

வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர் ஒரு மாற்று உருளையை வைத்திருக்க வேண்டும். ‘பி’ வகை உருளை ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது 12 மணி நேரம் வரும். 4 லிட்டர் எனில் ஆறு மணி நேரந்தான். உருளையின் வகையையும் மருத்துவர் குறித்த அளவையும் வைத்து இந்தக் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். மின்வெட்டில் எல்லோர் கையும் மெழுகுவர்த்தியைத் தேடும். ஆக்ஸிஜன் உள்ள அறையில் மெழுகுவர்த்தி, அகல்விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. டார்ச் விளக்கே வேண்டும்.

படுக்கையில் இருப்பவருக்கு வாங்கிய காற்று மெத்தையும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது. அது தளர்ந்துவிட்டால் உடலின் எடை முழுவதும் முதுகிலும் இடுப்பிலும் இறங்கும். பஞ்சு மெத்தைக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஜெனரேட்டர் ஓடக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் அங்கே 1913-ஐ அழைக்கலாம். ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லியும் ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்குள்ளோர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அழைக்க வேண்டும். ஆபத்தில் இருப்பவர் தவறான அலுவலகத்தில் பேசிக்கொண்டிருப்பது வீணான நேரம். மருத்துவ ஆலோசனைக்கு 104. மின்சாரப் புகாருக்கு மின்னகத்தின் 94987 94987. வீட்டில் உயிர்காக்கும் கருவி இருப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பை இப்போது கூடத்தில், தலைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. நீர் புகாத பழைய பள்ளிப் பை அது. மாத்திரைகள், குளுக்கோமீட்டர், அதன் பட்டைகள், ஒரு பொட்டலம் சர்க்கரை, டார்ச், மூக்குக்கண்ணாடி, பாலித்தீன் உறையில் சீட்டுகளின் நகல். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அம்மா அதை இறக்கி, பழைய மாத்திரைகளை அன்றாடப் பெட்டிக்கு மாற்றிப் புதியவற்றை உள்ளே வைக்கிறார். சென்ற மாதம் அதில் ஒரு விபூதிப் பொட்டலமும் இருந்தது. நான் எடுக்கவில்லை.