பெயரில்லாச் சீட்டுகளின் அவை

ஜப்பானில் ஹைக்கு எழுதுவோர் மாதந்தோறும் கூடி நடத்தும் குகாய் என்னும் கவிதைக் கூட்டத்தில், ஒரு கவிதை படிக்கப்பட்டு, எடைபோடப்பட்டு, தேர்ந்தெடுக்கப்படும் வரை அது யாருடையது என்பது எழுதியவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. ஹைக்கு என்பது 5, 7, 5 என மூன்று பகுதிகளாகப் பிரிந்து மொத்தம் 17 ஒலியலகுகளில் முடிந்துவிடும் குறும்பா. பருவத்தைச் சுட்டும் ஒரு சொல் அதற்குள் இருக்க வேண்டும் என்பது மரபு. கிகோ எனப்படும் அந்தப் பருவச்சொற்களை விளக்கத்துடனும் எடுத்துக்காட்டுப் பாடல்களுடனும் தொகுத்துத் தரும் சைஜிகி என்னும் அகராதி, ஹைக்கு எழுதும் எவருடைய பையிலும் இருக்கும். இவ்வளவு சிறிய பாடலைப் படிக்க ஒரு மூச்சு போதும் என்பதால், ஒரே அமர்வில் நூறு பாடல்களைக்கூட ஒரு கூட்டம் படித்துத் தேர்ந்துவிட முடிகிறது. குகாயின் நடைமுறை முழுவதும் இந்தச் சிறுமையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

கூட்டத்துக்கு முன்பே அறிவிக்கப்படும் தலைப்பைக் கெந்தாய் என்றும், வந்து அமர்ந்தபின் அந்த இடத்திலேயே தரப்படும் தலைப்பை செகிதாய் என்றும் சொல்வார்கள். சில நாட்களில் உறுப்பினர்கள் ஒரு கோயிலுக்கோ ஆற்றங்கரைக்கோ சேர்ந்து நடந்து சென்று, கண்டவற்றை அங்கேயே எழுதிக்கொண்டு வருவார்கள்; அவ்வாறு போய்வருவது கின்கோ எனப்படும். பாடல் எங்கே பிறந்தாலும் கூட்டத்தில் அது நுழையும் வழி ஒன்றுதான்: நீளவாக்கில் வெட்டிய சிறு சீட்டு ஒன்றில் ஒரு பாடல் வீதம், பெயர் எழுதாமல் கொடுக்க வேண்டும். எல்லாச் சீட்டுகளும் சேர்த்துக் கலைக்கப்பட்டு, ஆளுக்குச் சில எனப் பங்கிடப்படுகின்றன. தன் கைக்கு வந்த பாடல்களை ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைத்தாளில் திருத்தமாகப் படியெடுக்கிறார்கள். செய்கி எனப்படும் இந்தப் படியெடுப்பினால் கையெழுத்தும் மறைந்துபோகிறது. பல்லாண்டு பழகிய நண்பர்கூட, எழுத்தின் வளைவைப் பார்த்து இது இன்னாருடையது என்று கண்டுகொள்ள வழியில்லை.

பிறகு அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றிவருகின்றன. அப்போது அறையில் பேச்சு இராது. ஒவ்வொருவரும் எல்லாப் பாடல்களையும் படித்து, மனத்தில் தைத்தவற்றைத் தம் குறிப்பேட்டில் முதலில் எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து மறுபடியும் கழித்துக் கழித்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் தம் தேர்வை முடிக்கிறார்கள். தம்முடைய பாடலைத் தாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்வுத்தாளில் மட்டும் தேர்ந்தவர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயரை மறைத்து, தேர்ந்தவர் பெயரை வெளிப்படுத்தும் இந்த ஏற்பாடு, கவிதை எழுதுவதைக் காட்டிலும் கவிதையைத் தேர்வது பொறுப்பான செயல் என்று கருதுவதுபோல் இருக்கிறது. தேர்வுகள் உரக்க வாசிக்கப்படும்போது, தன் பாடல் வாசிக்கப்பட்டதைக் கேட்டவர் தன் பெயரை மட்டும் சொல்கிறார். அந்தச் சொல்லலுக்கு நனோரி என்று பெயர். சில குழுக்களில், கலந்துரையாடல் முடிந்த பின்னரே பெயரை வெளியிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு.

யாரும் தேர்ந்தெடுக்காத பாடலுக்குப் பெரும்பாலான கூட்டங்களில் யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்பது இந்த முறையின் மிகுந்த கருணையுள்ள பகுதி. புதிதாக வந்தவரின் பலவீனமான பாடல் ஒருவர் முகத்தையும் வாடச் செய்யாமல் தாள்களோடு போய்விடுகிறது. எழுதியவர் மட்டும் அதை அறிந்து வீடு திரும்புகிறார். அதேபோல் ஆசிரியரின் பாடலும் அந்தத் தாள்களுக்குள் பெயரின்றிக் கிடப்பதால், மாணவர்கள் அதைக் கடந்து போகவும், முதல்நாள் வந்த ஒரு கடைக்காரரின் பாடலை ஆசிரியர் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. மரியாதை மிகுந்த ஒரு சமூகம், மரியாதையால் கவிதைக்கு நேரக்கூடிய கேட்டை உணர்ந்து, சில மணி நேரத்துக்காவது அதை ஒதுக்கிவைக்கக் கண்ட வழி இது.

இந்த வழி ஒரே நாளில் உருவாகவில்லை. ஹெய்யான் காலத்து அரசவைகளில், இடப்பக்கம் வலப்பக்கம் என இரு அணிகளாகப் பிரிந்து, கொடுத்த தலைப்பில் பாடல்களை இணை இணையாக வைத்து, நடுவர் ஒருவர் வெற்றி தோல்வி சொல்லும் உத்தா அவாசே என்னும் போட்டிகள் நடந்தன. 960இல் முராக்காமி பேரரசரின் அவையில் நடந்த போட்டி அவற்றுள் பெயர்பெற்றது. அதற்குப் பின்னர் செழித்த ரெங்கா என்னும் தொடர்ப்பாடல் மரபில் போட்டியின் இடத்தைக் கூட்டுப்படைப்பு பிடித்தது. ஒருவர் 5-7-5 அளவில் ஓர் அடித்தொகுதியைச் சொல்ல, அடுத்தவர் 7-7 அளவில் அதைத் தொடர, மூன்றாமவர் இரண்டாமவருடையதை மட்டும் பற்றிக்கொண்டு முதலாமவருடையதிலிருந்து விலகிச் செல்ல, இவ்வாறு நூறு கண்ணிகள் வரை பாடல் வளரும். 1488இல் சோகி, ஷோஹாக்கு, சோச்சோ ஆகிய மூவர் இயற்றிய மினாசே தொடர்ப்பாடல் இந்த மரபின் உச்சமாகக் கருதப்படுகிறது. முதல் கண்ணியை முதன்மை விருந்தினர் பருவத்தைச் சுட்டி வாழ்த்துபோல் தொடங்குவதும், வீட்டுக்காரர் இரண்டாம் கண்ணியால் அதற்கு மறுமொழி சொல்வதும் வழக்கம். ஹொக்கு எனப்பட்ட அந்த முதல் கண்ணியே பிற்காலத்தில் தனித்து நின்று ஹைக்கு ஆயிற்று. அதனால் ஹைக்கு தோன்றியதே ஒரு கூட்டத்தில், ஒருவர் இன்னொருவருக்குச் சொன்ன முகமனாகத்தான்.

மாட்சுவோ பாஷோவின் (1644–1694) பணிமுறையில் இதைத் தெளிவாகக் காணலாம். 1689இல் வடநாட்டுப் பயணத்தின்போது மொகாமி ஆற்றின் துறையூரான ஒயிஷிதாவில், படகுச் சரக்கு வணிகர் ஒருவரின் வீட்டில் அவர் உள்ளிட்ட நால்வர் கூடி 36 கண்ணிகள் கொண்ட தொடர்ப்பாடல் ஒன்றை இயற்றினார்கள். கோடை மழை திரண்ட ஆற்றைப் பற்றிய அவருடைய தொடக்கக் கண்ணியில், விருந்தளித்தவரின் வீட்டுக்கு வாழ்த்தாக அமையும்படி ஆறு குளிர்ச்சியானது என்ற பொருள்வரும் சொல் இருந்தது. பின்னர்த் தம் பயண நூலில் அதைச் சேர்த்தபோது அந்த ஒரு சொல்லை மாற்றி, ஆற்றின் விரைவைச் சொல்வதாக்கினார். கூட்டத்துக்கு உரிய பாடலும் ஏட்டுக்கு உரிய பாடலும் ஒரே சொல்லில் வேறுபட்டு நிற்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று அரிது.

பாஷோவுக்குப் பிந்தைய காலத்தில் இந்தக் கூட்டங்கள் பெருகின, ஆனால் தாழ்ந்தன. கட்டணம் பெற்றுக்கொண்டு பாடல்களுக்கு மதிப்பெண் இடும் தொழில்முறை நடுவர்கள் தோன்றினார்கள். அவர்களுக்குப் பிடித்ததை எழுதிப் பரிசு பெறுவது மக்களின் பொழுதுபோக்காயிற்று. இந்த நிலையை எதிர்த்து எழுதிய மசாவோகா ஷிகி (1867–1902), ஹைக்கு என்ற பெயரை நிலைநாட்டியதோடு, கூடும் முறையையும் மாற்ற உதவினார். 1890களின் தொடக்கத்தில் இதோ ஷோவு என்பவரின் குழுவில், நடுவரே இல்லாமல் வந்தவர்கள் ஒருவர் பாடலை ஒருவர் தேர்வு செய்யும் முறையைக் கண்ட ஷிகி, அதைத் தம் நண்பர்களிடையே கொண்டுசென்றார். இன்று நடக்கும் குகாய் இந்த வழியில் வந்தது. 1895இல் சீன–ஜப்பானியப் போர்ச் செய்தியாளராகச் சென்று, திரும்பும் கப்பலில் இரத்தம் கக்கி, காசநோயாளியாகச் சொந்த ஊரான மட்சுயாமாவுக்கு வந்த அவர், அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் நட்சுமே சொசெகியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் 52 நாட்கள் தங்கினார். உள்ளூர்க் கவிதைக் குழுவினர் அங்கே ஓயாது கூடியதால், மாடியில் இருந்த சொசெகியும் இறங்கி வந்து கலந்துகொண்டார். தோக்கியோவின் நெகிஷியில் முதுகெலும்புக் காசத்தால் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஆண்டுகளிலும் ஷிகியின் வீட்டில் கூட்டங்கள் நடந்தன. அவர் நண்பர்களோடு தொடங்கிய உரைநடை வாசிப்புக் கூட்டம் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்தது. சொசெகியின் 'நான் ஒரு பூனை' என்ற புதினத்தின் முதல் பகுதி, ஷிகியின் சீடரான தகஹாமா கியோஷியால் 1904 இறுதியில் அக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, நண்பர்களின் பாராட்டைப் பெற்ற பிறகே 1905இல் 'ஹொடொடொகிசு' இதழில் அச்சேறியது. நவீன ஜப்பானிய நாவலின் முதன்மையான எழுத்தாளர் ஒருவர் உருவானதில் இந்தச் சிறிய வாசிப்பு வட்டத்துக்குப் பங்கு உண்டு.

1897இல் மட்சுயாமாவில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே தோக்கியோவுக்குப் பெயர்ந்த அந்த இதழைக் கியோஷி பெரும் நிறுவனமாக வளர்த்தார். இதழ் ஒன்று, அதன் தலைவராகிய ஷுசாய், அவருக்கு மாதந்தோறும் பாடல்களை அனுப்பித் தேர்வுக்குக் காத்திருக்கும் உறுப்பினர்கள் என்னும் இந்த அமைப்பு கெஷ்ஷா எனப்படுகிறது. சமமானவர்கள் பெயரின்றித் தேர்வு செய்யும் குகாயும், ஒருவரே எல்லாவற்றையும் தேர்வு செய்யும் கெஷ்ஷாவும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆனாலும் ஒரே குழுவுக்குள் இரண்டும் இணைந்தே வாழ்கின்றன. மேசையைச் சுற்றி எல்லோரும் தேர்ந்த பிறகு, கடைசியாக ஆசிரியரின் தேர்வு வாசிக்கப்படும்போது அறையே நிமிர்ந்து உட்காருகிறது.

இந்தக் குரு வழிபாட்டைத்தான் 1946இல் பிரெஞ்சு இலக்கிய அறிஞர் குவாபாரா தக்கேயோ கடுமையாகத் தாக்கினார். புகழ்பெற்றவர்களின் 10 பாடல்களையும் அறியப்படாதவர்களின் 5 பாடல்களையும் பெயர் நீக்கிக் கலந்து தந்து, இவற்றில் எது யாருடையது என்று சொல்ல முடிகிறதா என்று கேட்ட அவர், முடியாது என்றால் நவீன ஹைக்கு ஓர் இரண்டாந்தரக் கலையே என்று முடிவு கூறினார். பெரும் விவாதத்தைக் கிளப்பிய அந்தக் கட்டுரை, குழுக்களின் கட்டுப்பெட்டித்தனத்தைப் பற்றிச் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அவர் சோதனையாகக் கருதிய ஒன்றையே குகாய் மாதந்தோறும் விரும்பிச் செய்துவந்தது என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பெயர் நீங்கியபின் வேறுபாடு தெரியாமல் போவது அவருக்குக் கலையின் வீழ்ச்சியாகத் தோன்றியது. குகாய்க்கோ, அறியாத ஒருவரிடமிருந்தும் நல்ல பாடல் வரக்கூடும் என்பதற்கு அதுவே உறுதி. குகாய்க்கு உண்மையான குறை வேறொன்று உண்டு. பலர் தேர்ந்தால் எளிதில் பிடிபடும் பாடல் முன்னே வந்துவிடும்; கடினமான, பழக்கமில்லாத பாடல் ஒரே ஒரு வாக்கோடு நிற்கும். நல்ல குழுக்கள் வாக்கு எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல், ஒரே ஒருவர் தேர்ந்த பாடலைப் பற்றி அவரையே பேசச் சொல்வது இதனால்தான்.

இக்கூட்டங்கள் அமைதியான ஓய்வு நேரத்துக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை. 1940இல் 'கியோத்தோ பல்கலைக்கழக ஹைக்கு' இதழைச் சேர்ந்த கவிஞர்கள் அமைதிகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார்கள். போரையும் சமூகத்தையும் பாடுபொருளாக்கிய புதுப்போக்கு அரசுக்கு உறுத்தலாயிற்று. கடலுக்கு அப்பால், 1942 முதல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ, ஸ்டாக்டன் நகரக் கவிதைக் குழுக்களைச் சேர்ந்தோர் முகாம்களுக்குள்ளேயும் கூடி எழுதினார்கள். அவர்களில் ஒருவரான வயலட் கசுயே தெ கிறிஸ்டோஃபரோ பல ஆண்டுகள் முயன்று அப்பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஜப்பானின் தொழுநோய்க் காப்பகங்களில், சட்டத்தால் வெளியுலகிலிருந்து பிரிக்கப்பட்டவர்களும் இவ்வாறே குழுக்களாய் எழுதினார்கள்; குசாட்சுக் காப்பகத்தில் வாழ்ந்து, பார்வையையும் இழந்த முராக்கோஷி கசேகி (1922–2014) நாட்டின் மதிப்புமிக்க ஹைக்கு விருதான தகொட்சு விருதைப் பெற்றார். வேறு எதையும் பகிர்ந்துகொள்ள முடியாத இடத்திலும் பதினேழு ஒலிகளைப் பகிர முடிந்தது.

இன்று ஷிகியின் ஊரான மட்சுயாமாவில், வழிப்போக்கர்களும் பாடல் எழுதிப் போடுவதற்கான அஞ்சற்பெட்டிகள் 1960களிலிருந்து நிறுவப்பட்டிருக்கின்றன. 1998இலிருந்து அங்கே ஆண்டுதோறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஹைக்குப் போட்டி நடக்கிறது. ஐவர் கொண்ட அணிகள் தம் பாடலைக் காட்டியபின், எதிரணியினர் அதைக் கேள்விகளால் துளைக்கிறார்கள். எழுதிய அணி மறுமொழி தருகிறது. நடுவர்கள் சிவப்பு அல்லது வெள்ளைக் கொடியை உயர்த்துகிறார்கள். பாடலின் தரத்துக்கு மட்டுமன்றி, அடுத்தவர் பாடலை எவ்வளவு நுட்பமாகப் படித்தார்கள் என்பதற்கும் புள்ளி உண்டு. பதினாறு வயதில் பிறர் பாடலைப் பற்றி எல்லோர் முன்னும் காரணத்தோடு பேசப் பழகுவது ஒரு பெரிய கல்வி.

தமிழுக்கு ஜப்பானியக் குறும்பாவை அறிமுகம் செய்தவர் பாரதியார். 1916இல் சுதேசமித்திரனில் அவர் அதைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு ஹைக்கு தமிழில் வேரூன்றி நூல்நூலாக வளர்ந்தது. ஆனால் வடிவம் வந்த அளவுக்கு, அதைச் சுற்றியிருந்த கூடும் முறை இங்கே பேசப்படவில்லை. தமிழ்க் கவியரங்கம் குரலையும் அவையையும் நம்பி வளர்ந்த வேறு மரபு. தலைவர் பெயர் சொல்லி அழைக்க, கவிஞர் எழுந்து முழங்க, அவை கைதட்டி ஏற்கும். அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் கைதட்டல் கவிஞரின் பெயருக்கா, குரலுக்கா, கவிதைக்கா என்று பிரித்தறிய அங்கே வழியில்லை. எழுதத் தொடங்கும் இளைஞர் ஒருவருக்குத் தேவையான நேர்மையான வாசிப்பு அந்த மேடையில் கிடைப்பதும் அரிது. ஊர் நூலக வாசகர் வட்டங்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் மாதம் ஒருநாள் பெயரில்லாச் சீட்டுகளோடு கூடிப் பார்க்கலாம். ஹைக்குதான் எழுத வேண்டும் என்பதில்லை. குறளோ வெண்பாவோ நாலு வரிப் புதுக்கவிதையோ எதுவாயினும் சரி. வேண்டியவை தாள், பேனா, பத்துப் பேர், மூன்று மணி நேரம். இந்த ஆண்டே ஏதாவது ஓர் ஊரில் யாராவது தொடங்கிவைக்க வேண்டும்.