தொழிலாளியின் தொலைநோக்கி

பொழுதுபோக்குக் கருவிகளுள் தொலைநோக்கியின் விலை மாதச் சம்பளக்காரரை மலைக்க வைப்பது என்றாலும், அக்கருவியின் வரலாற்றில் பெரும்பங்கு அந்த விலையைக் கொடுக்க இயலாதவர்களுக்கே உரியது. இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் இசை கற்பித்தும் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல், 1773-இல் வானியலில் ஆர்வம் மூண்டு, முதலில் ஒரு சிறிய தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். பெரியதொன்றின் விலை தம் வருவாய்க்கு எட்டாதெனத் தெரிந்ததும், ஆடி தேய்க்கும் பழைய கருவிகளை ஒருவரிடம் வாங்கி, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வீட்டிலேயே குழியாடிகளை உருவாக்கத் தொடங்கினார். மெருகேற்றும் வேலையை இடையில் நிறுத்தினால் ஆடி கெட்டுவிடும் என்பதால், தங்கை கரோலின் அவருக்கு உணவை ஊட்டிவிட வேண்டியிருந்தது. 1781 மார்ச் 13 அன்று யுரேனஸ் கோளை அவர் கண்டது இவ்வாறு தம் கையால் தேய்த்த, ஏறத்தாழ 6.2 அங்குல விட்டமுள்ள ஆடியின் வழியாகத்தான்; மன்னரின் உதவித்தொகை அதற்குப் பின்னரே வந்தது.

தொலைநோக்கிக்குக் கொடுக்கும் பணம் எதற்காகச் செலவாகிறது என்பதை அறிந்தவருக்கே அதைக் குறைக்கும் வழியும் தெரியும். கருவியின் ஆற்றலைத் தீர்மானிப்பது திறப்பு விட்டம், அதாவது ஒளியை முதலில் வாங்கும் வில்லை அல்லது ஆடியின் அகலம். சேரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 3 அங்குல ஆடியைவிட 6 அங்குல ஆடி நான்கு மடங்கு ஒளியைத் திரட்டும். உருப்பெருக்கமோ ஆடியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் வெறும் ஈவு என்பதால், சிறிய வில்லை ஒன்றை மாற்றி அதை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக் காட்டலாம். பயனுள்ள உச்சம் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் இரண்டு மடங்கு என்பது பொது விதி; ஆகவே 60 மில்லிமீட்டர் கருவியின் பெட்டியில் 500 மடங்கு என்று அச்சிட்டிருந்தால், 120 மடங்குக்கு மேல் அதில் தெரிவது மங்கிய மாசு மட்டுமே. முதன்முறையாக வாங்குவோரின் சேமிப்பை விழுங்கி அவர்களை வானத்தை விட்டே விரட்டிவிடும் இத்தகைய பெட்டிகளை மலிவு என்று அழைப்பது பெரும் தவறு.

ஆடியைத் தேய்க்கும் வேலைக்குச் செல்வத்தைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவை. இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கிடையே கரடான கார்போரண்டம் துகளும் நீரும் இட்டு, மேலுள்ளதை முன்னும் பின்னும் நகர்த்தியபடியே சுழற்றிவந்தால், மேற்கண்ணாடி குழிந்தும் கீழ்க்கண்ணாடி புடைத்தும் உருவாகும். துகளைப் படிப்படியாக நுண்ணியதாக்கி, இறுதியில் கீலின் மீது மெருகேற்றி, மேற்பரப்பைப் பரவளைய வடிவுக்குக் கொண்டுவருவர். ஒளியலை நீளத்தின் சிறு பின்னமளவே பிழை அனுமதிக்கப்படும் இவ்வேலையைச் சரிபார்க்க, பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த சோதனைக்கு ஒரு விளக்கும் ஊசித்துளையும் சவர அலகும் போதும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஆலை நகரில் 1920-இல் ரஸல் போர்ட்டர் இக்கலையை வகுப்பாக நடத்தியபோது, இயந்திரக் கருவித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் அதில் சேர்ந்து கற்றார்கள். உலோகத்தை நுட்பமாகக் கடைந்து பழகிய கைகளுக்குக் கண்ணாடி புதிதாக இருந்தாலும் அளவு புதிதன்று. 1925-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் இவர்களைப் பற்றி எழுதிய பிறகு, நாடெங்கும் சமையலறை மேசைகளிலும் கீழ்த்தள அறைகளிலும் ஆடிகள் தேயத் தொடங்கின.

எஞ்சிய செலவு தாங்கியில் இருந்தது. கருவியை அசையாமல் பிடித்து, விரும்பிய திசையில் மெல்லத் திருப்பும் அப்பகுதி பல நேரங்களில் ஆடியைவிட விலை மிகுந்தது. சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன், கையில் பணமில்லாத நிலையில், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் டெஃப்லான் துண்டுகளின் மேல் வழுக்கித் திரும்புமாறு அமைத்தார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேறிய பின்னர் நடைபாதையில் அக்கருவிகளை நிறுத்தி, வழிப்போக்கர்களுக்கு நிலவையும் சனியையும் காட்டிவந்த அவர் தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் அது எவரும் செய்யக்கூடியதாயிற்று; இன்று தொழிற்சாலைகளும் அதே வடிவை விற்கின்றன, அவை டாப்சோனியன் என்றே அழைக்கப்படுகின்றன. கொடுக்கும் பணத்துக்கு மிகுதியான விட்டம் கிடைப்பது இவ்வகையில்தான் என்பதால், வரவுசெலவைக் கணக்குப் பார்த்து வாழ்வோர் முதலில் எண்ணிப் பார்க்கத் தக்கது 6 அங்குல டாப்சோனியனே; அதன் வழக்கமான குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர், ஆகையால் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையில் 48 மடங்கும் 10 மில்லிமீட்டரில் 120 மடங்கும் கிடைக்கும்.

பணத்தைத் திரட்டும் முறையும் கருவியைத் தேர்வது போன்றே கவனத்துக்குரியது. 24,000 ரூபாய்க் கருவியை நிலை வட்டியில், அதாவது கடன் குறைந்துவந்தாலும் முதல் தொகை முழுவதற்கும் தொடர்ந்து வட்டி கணக்கிடும் முறையில், 12 சதவீதத்துக்கு ஓராண்டுத் தவணையில் வாங்கினால், மாதம் 2,240 ரூபாய் கட்ட வேண்டிவரும். வட்டி 2,880 ரூபாய் என்பது சிறிதாகத் தோன்றினாலும், குறையும் கடன்மீது கணக்கிட்டால் உண்மை வட்டி வீதம் ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டும். அதே ஓராண்டில் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 2,000 ரூபாயை 6 சதவீதத்தில் சேர்த்தால், முதலுடன் ஏறத்தாழ 780 ரூபாய் வட்டியும் கிடைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட 3,660 ரூபாய் கண்ணருகு வில்லைகளுக்கு உதவும். வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்திலும், ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி விட்டுப்போகிறதா, செயலாக்கக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்டறியாமல் கையெழுத்திடக் கூடாது.

காத்திருக்கும் அந்த ஓராண்டைப் பயனற்ற காலமாகக் கருத வேண்டியதில்லை. 10 மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லைகளும் கொண்ட இருகண்ணோக்கியை முழங்கையை எதன்மீதாவது ஊன்றிப் பிடித்தாலே வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், கார்த்திகை விண்மீன் கூட்டம், ஆண்ட்ரோமீடா மண்டலத்தின் மங்கிய ஒளித்திட்டு ஆகியவை புலப்படும்; வானத்தில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கற்றவருக்குப் பின்னர் வரும் பெரிய கருவியைத் திருப்புவது எளிது. பழைய தொலைநோக்கியை வாங்குவதும் தயங்க வேண்டிய செயலன்று: கண்ணாடியில் ஆழமான கீறலோ விரிசலோ இல்லாதவரை, ஆடியின் அலுமினியப் பூச்சு மங்கியிருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசலாம், தேய்த்த வடிவம் அப்படியே இருக்கும்.